இரட்சிப்பும் மீட்பும்: தமிழ்க் கிறித்தவ இறையியலில் இரு சொற்களின் வரலாறு

1. முன்னுரை

மனித இனத்தை மீட்பதற்காக இறைவன் தாமே முன்வந்து செயற்படுகின்றார் என்பது கிறித்தவ இறையியலின் மையக் கோட்பாடு. மனிதன் இறைவனைத் தேடிச் செல்வதைக் காட்டிலும் இறைவன் மனிதனைத் தேடி வருவதையே இக்கோட்பாடு முதன்மையாகக் கூறுகின்றது. இதனைத் தமிழில் சொல்ல முற்பட்டோர் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல சொற்களைக் கையாண்டுள்ளனர். அவற்றுள் 'இரட்சிப்பு', 'மீட்பு' ஆகிய இரண்டும் நிலைபெற்றன. தமிழ்க் கிறித்தவருள் சீர்திருத்தச் சபையினரிடம் முன்னதும், கத்தோலிக்கரிடம் பின்னதும் இன்று மேலோங்கி வழங்குகின்றன.

வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை ஏற்ற நிகழ்ச்சியாகவே இவ்வேறுபாடு பெரும்பாலும் கருதப்படுகின்றது. அக்கருத்து ஓரளவே பொருந்தும். ஒரு செயலில் வினைமுதல் யார், அச்செயல் எத்தகையது, மூலமொழியில் இரண்டாக இருந்த கருத்துகள் பெறுமொழியில் ஒன்றாகலாமா என்னும் வினாக்கள் இச்சொற்றேர்வினுள் அடங்கியுள்ளன. இவ்வினாக்கள் உருப்பெற்ற வரலாற்றில் தமிழ்நாட்டிற்கு வெளியே உள்ள பெங்களூருவுக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு. அவ்வரலாற்றையும், அதிலிருந்து மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் பெறத்தக்க முடிவுகளையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. மூலமொழிச் சொற்கள்

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் இக்கருத்தைக் குறிக்க மூன்று வினையடிகள் சிறப்பாக வழங்குகின்றன. 'யாஷா' என்பது இடரினின்று காப்பாற்றுதலைக் குறிக்கும். இயேசு என்னும் பெயரே இவ்வடியிலிருந்து தோன்றியது. 'பாதா' என்பது விலை கொடுத்து விடுவித்தலைக் குறிக்கும். 'காஅல்' என்பது உறவினன் ஒருவன் தன் குடும்பத்தார் இழந்ததைத் திரும்பப் பெற்றுத் தருதலைக் குறிக்கும். வறுமையால் விற்ற நிலத்தையும், கடனால் அடிமையான உறவினனையும் மீட்கும் கடமை நெருங்கிய உறவினனுக்கு உண்டு என்று லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் விதிக்கின்றது. அக்கடமை உடையவன் 'கோஏல்' எனப்பட்டான். இச்சட்டச் சொல்லையே யோபு நூலும் எசாயா நூலும் இறைவனுக்கு வழங்குகின்றன. இறைவன் மனிதருக்கு உறவினராக நின்று தம் கடமையை நிறைவேற்றுகின்றார் என்பது அதன் உட்பொருள்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'சோட்டேரியா', 'அப்போலூட்ரோசிஸ்' என்னும் இரு சொற்கள் நிற்கின்றன. முன்னது காப்பு, நலம், பிழைத்தல் ஆகிய பொருள்களை உள்ளடக்கிய பரந்த சொல். நோய் நீங்குதலையும் அதன் வினையடி குறிக்கும். பின்னது 'லூட்ரோன்' என்னும் சொல்லோடு தொடர்புடையது. போர்க்கைதிக்கும் அடிமைக்கும் கொடுக்கப்படும் விடுவிப்பு விலையே 'லூட்ரோன்' ஆகும். இலத்தீன் இவ்விரண்டையும் முறையே 'சலூஸ்', 'ரெதெம்ப்சியோ' எனப் பெயர்த்தது. இரண்டாவது சொல்லின் நேர்ப்பொருள் திரும்ப வாங்குதல் என்பதாகும். இவ்விரு சொற்களின் வேறுபாடு தமிழில் எவ்வாறு காக்கப்பட்டது, எவ்விடத்தில் கைவிடப்பட்டது என்பதே இவ்வாய்வின் மையம்.

3. தமிழில் முன்பே அமைந்த பொருட்புலங்கள்

மறைப்பணியாளர் வருமுன் தமிழில் மூவகைப் பொருட்புலங்கள் இருந்தன.

முதலாவது வீடு, முத்தி, மோட்சம் என்னும் சொற்களின் புலம். 'வீடு' என்பது 'விடு' என்னும் வினையின் அடியாகப் பிறந்தது. பற்றும் பாசமும் விடப்படும் நிலையைச் சுட்டுவது. சைவ சித்தாந்தத்தில் பாசம் நீங்குதற்குப் பதியின் அருளே காரணமாயினும், சொல்லமைப்பில் உயிர் அடையும் பேறே முன்னிற்கின்றது. 'வீடுபேறு', 'முத்தி பெறுதல்', 'மோட்சம் அடைதல்' என்னும் தொடர்களில் எழுவாய் உயிரே.

இரண்டாவது, 'இரட்சி' என்னும் வடமொழியடிச் சொல்லின் புலம். காத்தல் என்னும் பொருளுடைய இச்சொல் வைணவ இறையியலில் ஆழ வேரூன்றியது. சரணாகதியின் அங்கங்களுள் இறைவன் இரட்சிப்பான் என்னும் விசுவாசமும், அவனை இரட்சகனாக வரித்தலும் எண்ணப்படுகின்றன. இரட்சிக்கப்படுவதில் உயிரின் முயற்சிக்கு இடம் உண்டா என்னும் வினாவே வடகலை, தென்கலை வேறுபாட்டில் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்னும் உவமைகளால் விளக்கப்படுகின்றது. ஆகவே 'விசுவாசம்', 'இரட்சகர்' என்னும் சொற்களைத் தமிழ்க் கிறித்தவர் ஏற்றபோது, வினைமுதல் யார் என்னும் விவாதத்தோடு முன்பே தொடர்புடைய சொற்களையே ஏற்றனர்.

மூன்றாவது, 'மீள்' என்னும் வினையின் புலம். இது சமயச் சொல்லாக அன்றி உலகியற் சொல்லாகவே வளர்ந்தது. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டல் கரந்தை எனப்பட்டது. தொல்காப்பியம் இதனை வெட்சித்திணையுள் அடக்குகின்றது. புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாகக் கொள்கின்றது. ஆநிரையை மீட்கும் போரில் இறந்த வீரருக்கு எடுக்கப்பட்ட நடுகற்களில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்னும் வாய்பாடு பயில்கின்றது. மறுபுறம், ஒற்றி வைத்த நிலத்தையும் அடகு வைத்த நகையையும் பணம் செலுத்தித் திரும்பப் பெறுதலும் மீட்டலே. போரிட்டுப் பெறுதல், விலை கொடுத்துப் பெறுதல் ஆகிய இரண்டையும் ஒரே வினை தழுவி நிற்பது இங்கு நோக்கத்தக்கது.

இவ்வினையின் இலக்கண அமைப்பும் கருதத்தக்கது. 'மீள்கிறான், மீண்டான், மீள்வான்' என்பன தன்வினை வடிவங்கள். 'மீட்கிறான், மீட்டான், மீட்பான்' என்பன பிறவினை வடிவங்கள். 'வளர்ந்தான்', 'வளர்த்தான்' என்பவற்றிடையே உள்ள உறவு இங்கும் உள்ளது. 'மீட்சி' என்னும் பெயர், தானே திரும்புதலையும் குறிக்க இடந்தரும். 'மீட்பு' என்பதோ பிறவினை வடிவத்தோடு இயைந்தது. மீட்பவன் ஒருவனை அது வேண்டி நிற்கும். இழந்த பொருளுக்கு உரியவன் ஒருவன் உண்டு என்பதும், அவனே அதனைத் தேடி வருகின்றான் என்பதும் இப்பெயரினுள் அடங்கியுள்ளன. 'வீடுபேறு' என்பதில் மனிதன் பெறுபவன். 'மீட்பு' என்பதில் மனிதன் பெறப்படுபவன். இறைவனே வினைமுதல் என்னும் கோட்பாட்டிற்கு இதனினும் பொருத்தமான தமிழ்ப் பெயரைக் காண்டல் அரிது.

4. தொடக்கம் முதல் பவர் மொழிபெயர்ப்பு வரை

தமிழில் அச்சேறிய கிறித்தவ நூல்களுள் அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறு பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலின் தலைப்பே, வழக்கில் இருந்த தமிழ்ச்சொல் ஒன்று இறைவனைக் குறிக்க எடுக்கப்பட்டதைக் காட்டுகின்றது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் டி நொபிலி, கற்றோர் அவையில் ஏற்புப்பெறும் பொருட்டு வடசொற்களைப் பெரிதும் கையாண்டார். பின்வந்த கத்தோலிக்க உரைநடையில் அவ்வழக்கு நெடுங்காலம் நிலவியது.

சீர்திருத்தச் சபையினரின் முயற்சி தரங்கம்பாடியில் தொடங்கியது. 1706இல் அங்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார்; அதன் அச்சுப்பணி 1714இல் தொடங்கி 1715இல் நிறைவெய்தியது. பப்ரிசியுஸ் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772இல் வெளியாயிற்று. திருநெல்வேலியில் பணியாற்றிய இரேனியுஸ், விவிலிய மொழிபெயர்ப்பின் நெறிகளைக் குறித்து 1827இல் தனிநூல் ஒன்று வெளியிட்டார். மூலத்தின் சொல்லொழுங்கைக் காட்டிலும் பெறுமொழியின் இயல்பைப் பேணவேண்டும் என்பது அவர்தம் நிலைப்பாடு. மொழிபெயர்ப்புக் கோட்பாடு பற்றி இந்திய மொழியொன்றைச் சான்றாகக் கொண்டு எழுதப்பட்ட தொடக்ககால நூல்களுள் அது ஒன்றாகும். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் தலைமையில் ஆறுமுக நாவலரின் உதவியோடு உருவான மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. எனினும் பொது ஏற்புப் பெறவில்லை.

பல சபைகளின் பிரதிநிதிகள் அடங்கிய குழு, ஹென்றி பவரை முதன்மை மொழிபெயர்ப்பாளராகக் கொண்டு 1871இல் முழு விவிலியத்தை வெளியிட்டது. ஐக்கிய மொழிபெயர்ப்பு எனப்படும் இதுவே சீர்திருத்தச் சபைகளில் இன்றளவும் பெருவழக்காக உள்ளது. கிரேக்க மூலத்தின் இருமையை இம்மொழிபெயர்ப்பு பேணுகின்றது. எபேசியர் திருமுகத்தின் முதல் அதிகாரம் இதற்குத் தக்க சான்று. அதன் 7ஆம் வசனத்தில் 'அப்போலூட்ரோசிஸ்' வருமிடத்தில் 'மீட்பு' என்றும், 13ஆம் வசனத்தில் 'சோட்டேரியா' வருமிடத்தில் 'இரட்சிப்பு' என்றும் பவர் குழுவினர் வேறுபடுத்தினர். ஆகவே 'மீட்பு' பிற்காலத்தார் புதிதாகப் படைத்த சொல் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பிலேயே அது தனக்குரிய இடத்தைப் பெற்றிருந்தது.

ஆயினும் எபிரேயச் சொல்லைப் பெயர்ப்பதில் பவர் மொழிபெயர்ப்பில் ஒருமை இல்லை. 'கோஏல்' என்னும் ஒரே சொல், யோபு நூலில் இறைவனைக் குறிக்குமிடத்து 'மீட்பர்' எனவும், ரூத் நூலில் போவாசைக் குறிக்குமிடத்து 'சுதந்தரவாளி' எனவும் வருகின்றது. நிலத்தை மீட்கும் உறவினனும் மனிதனை மீட்கும் இறைவனும் ஒரே பெயருடையோர் என்னும் மூலநூலின் உறவு தமிழ் வாசகனுக்கு இதனால் மறைந்துபோகின்றது.

சமய இலக்கியத்தில் 'இரட்சி' என்னும் அடியே வெற்றி பெற்றது. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. ஜான் பனியனின் ஆங்கில உருவகக் கதையைத் தழுவிய அக்காப்பியத்தின் ஆசிரியர் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறித்தவரானவர். வைணவ மரபில் ஊன்றிய சொல்லே அவர் நூலின் தலைப்பாக அமைந்தமை இயல்பானதே. இரட்சணிய சேனை என்னும் பெயரும் இவ்வடியை மக்கள் வழக்கில் உறுதிப்படுத்திற்று.

5. பெங்களூருவின் பங்கு

1809ஆம் ஆண்டு முதல் பெங்களூருவில் வளர்ந்த தண்டுப் பகுதியில் தமிழர் பெருந்தொகையினராகக் குடியேறினர். தமிழ்க் கிறித்தவச் சபைகளும் அங்குத் தோன்றின. 1910இல் பல சபைகளின் கூட்டு முயற்சியால் ஐக்கிய இறையியல் கல்லூரி அந்நகரில் நிறுவப்பட்டது. அதன் தொடக்க ஆண்டுகளில் முதல்வராகப் பணியாற்றிய டென்மார்க்கு நாட்டவரான எல்.பி. லார்சன் தமிழில் ஆழ்ந்த புலமையுடையவர். பின்னர் அவர் தமிழ் விவிலியத் திருத்தப் பணியை மேற்கொண்டார். அத்திருத்திய மொழிபெயர்ப்பு 1936இல் வெளியாயிற்று. இறைவனைக் குறிக்கப் பவர் ஆண்ட 'தேவன்' என்பதற்கு மாறாகக் 'கடவுள்' என்னும் சொல் அதில் இடம்பெற்றது. சபை மக்களோ பழகிய மொழிபெயர்ப்பை விட்டுக்கொடுக்கவில்லை. வழிபாட்டில் பதிந்த சொல்லை அறிஞர் குழுவின் முடிவு மட்டும் மாற்றிவிடாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இக்காலத்திலேயே பாளையங்கோட்டையைச் சேர்ந்த ஏ.ஜே. அப்பாசாமி வேறொரு வழியைக் காட்டினார். கிறித்தவத்தைப் பக்தி நெறியாக விளக்கும் நூலை 1927இலும், மோட்சம் என்பது யாது என்னும் வினாவை யோவான் நற்செய்தியின் துணையோடு ஆராயும் நூலை 1931இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கிறித்துவில் நிலைத்திருத்தலே மோட்சம் என்பது அவர் முடிபு. மூன்று பொருட்புலங்களுள் முதலாவதைக் கிறித்தவப் பொருளால் நிரப்ப முயன்ற இம்முயற்சி இறையியலாரால் மதிக்கப்பட்டது; எனினும் விவிலியத் தமிழில் அச்சொல்லுக்கு இடம் கிடைக்கவில்லை. அடைதற்குரிய நிலையைக் குறிக்கும் சொல்லை, இறைவன் வரலாற்றில் செய்த செயலைக் குறிக்கும் சொல்லாக மாற்றுதல் எளிதன்று என்பது இதனால் புலனாகின்றது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-1965) மக்கள் மொழியில் வழிபாட்டிற்கும், பிற சபையாரோடு இணைந்த விவிலிய மொழிபெயர்ப்பிற்கும் வழிதிறந்தது. இணைந்த மொழிபெயர்ப்பிற்கான நெறிமுறைகளை ஐக்கிய விவிலியச் சங்கங்களும் வத்திக்கானும் 1968இல் வெளியிட்டன. இந்திய ஆயர் பேரவை 1967இல் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுவத்தைப் பெங்களூருவில் அமைத்தது. அதன் முதல் இயக்குநர் து.சை. அமலோர்பவதாஸ் (1932-1990) தமிழர். திண்டிவனத்தில் தமிழகத்திற்கான நடுவம் வேரூன்றவும் உழைத்தவர். இந்தியப் பண்பாட்டிற்கும் மொழிகளுக்கும் இயைந்த வழிபாட்டை உருவாக்குதல் அவர் நடுவத்தின் நோக்கமாக இருந்தது. இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமை அலுவலகமும் இந்நகரிலேயே அமைந்துள்ளது. சபைகளின் சொல்லாக்க முயற்சிகள் சந்திக்கும் இடமாகப் பெங்களூரு இவ்வாறு அமைந்தது.

6. பணி யாருடையது?

சொல்லாய்வு இவ்வாறு வளர்ந்த அதே காலத்தில், மீட்பின் வினைமுதல் பற்றிய வினா உலக அளவில் புதிதாக எழுந்தது. 1952இல் ஜெர்மனியின் வில்லிங்கன் நகரில் கூடிய மாநாட்டையடுத்து 'மிசியோ தேயி' என்னும் இலத்தீன் தொடர் பரவிற்று. இறைவனின் பணி என்பது அதன் பொருள். ஜார்ஜ் விசெடோம் 1958இல் இத்தலைப்பில் ஒரு நூல் எழுதினார். 'மிசியோ' என்பதற்கு நேர்ப்பொருள் அனுப்புதல். தந்தை மகனை அனுப்புகின்றார்; தந்தையும் மகனும் ஆவியாரை அனுப்புகின்றனர்; அவ்வனுப்புதலில் திருச்சபைக்கும் பங்கு தரப்படுகின்றது. பணி திருச்சபையின் உடைமையன்று என்பதே இக்கோட்பாட்டின் சாரம். குடியேற்ற ஆட்சிகள் மறைந்துகொண்டிருந்த காலத்தில், மேலைநாட்டு மறைப்பணி அமைப்புகளின் உரிமையுணர்வை இக்கோட்பாடு வினாவிற்கு உட்படுத்தியது.

தமிழ்ச் சொற்களிலும் இவ்வினா பதிந்துள்ளது. சீர்திருத்தச் சபையினர் 'ஊழியம்' என்பர். திருவிதாங்கூரில் கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய வேலைக்கும் அதுவே பெயர்; அதனால் நசுக்கப்பட்டோரிலிருந்து பலர் அங்குக் கிறித்தவராயினர். கத்தோலிக்கர் 'அருட்பணி' என்பர். பவர் மொழிபெயர்ப்பில் ஒலிபெயர்ப்பாக நின்ற 'அப்போஸ்தலர்' என்னும் சொல் பிற்காலத்தில் 'திருத்தூதர்' ஆயிற்று. அனுப்பப்பட்டவர் என்னும் மூலப்பொருள் ஒலிபெயர்ப்பில் மறைந்திருந்தது. 'தூது' என்னும் சொல்லால் வெளிப்பட்டது. தூதனுக்குத் தன்னை அனுப்பியவனின் சொல்லன்றித் தனிச்சொல் இல்லை என்பதைத் தமிழ் மரபு நன்கு அறியும்.

பெங்களூருவில் 1957இல் தோன்றிய கிறித்தவச் சமய, சமுதாய ஆய்வு நிறுவனம் இவ்விவாதத்தை இந்தியச் சூழலில் நடத்தியது. அதன் முதல் இயக்குநர் பி.டி. தேவநந்தன் 1962இல் மறைந்தபின் எம்.எம். தாமஸ் அப்பொறுப்பை ஏற்றார். மீட்பும் மனிதமாதலும் என்னும் பொருள்பட அவர் 1971இல் வெளியிட்ட ஆங்கில நூல், இறைவனின் மீட்புச் செயல் மனித மாண்பிற்கான போராட்டங்களிலும் காணத்தக்கது என வாதிட்டது. மதுரை, சென்னை ஆகிய இடங்களில் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின் இதனை மறுத்து வினாக்களை எழுப்பினார். 1981இல் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை, ஒடுக்கப்பட்டோரின் நிலையிலிருந்து இறையியலைத் தொடங்கவேண்டும் என வலியுறுத்தித் தலித் இறையியலுக்கு வித்திட்டது. இவ்விவாதங்களின் வழியே 'விடுதலை' என்னும் மூன்றாவது சொல்லும் தமிழ் இறையியலில் வலுப்பெற்றது.

இவ்வாதம் 'மீட்பு' என்னும் சொல்லின் பொருளாழத்தைத் தொடுகின்றது. கிறித்துவின் சாவு எவ்வாறு மீட்பாயிற்று என்பதற்கு மேலை இறையியலில் இரு பெரும் விளக்கங்கள் உண்டு. விலை கொடுக்கப்பட்டது எனின் யாருக்கு என்னும் வினாவிற்கு மூன்றாம் நூற்றாண்டின் ஒரிகன் அலகைக்கு என்று விடை கூறினார். நான்காம் நூற்றாண்டின் நசியான்சு கிரகோரி அதனை மறுத்தார். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம், இறைவனின் மாண்பிற்குச் செலுத்தப்பட்ட கடன் என அதனை விளக்கினார். தீமையின் ஆற்றல்களோடு போரிட்டுப் பெற்ற வெற்றியே மீட்பு என்னும் தொன்மையான விளக்கத்தை ஸ்வீடன் நாட்டு குஸ்தாவ் ஔலென் 1930ஆம் ஆண்டையொட்டி மீண்டும் முன்வைத்தார். தமிழ் 'மீட்டல்' இவ்விரு விளக்கங்களுக்கும் இடந்தருகின்றது. ஒற்றி மீட்டல் முதலாவதற்கும், ஆநிரை மீட்டல் இரண்டாவதற்கும் இணையானவை. எகிப்தினின்று இசுரயேலரை மீட்டபோது இறைவன் எவருக்கும் விலை கொடுக்கவில்லை. ஆயினும் விடுதலைப் பயண நூல் அங்கும் 'காஅல்' என்னும் சொல்லையே ஆள்கின்றது. எபிரேயச் சொல்லின் அப்பரப்பை இலத்தீன் சொல்லைக் காட்டிலும் தமிழ்ச்சொல் நெருங்கித் தழுவுகின்றது எனலாம்.

7. திருவிவிலியமும் அதன் விளைவுகளும்

கத்தோலிக்க, சீர்திருத்தச் சபை அறிஞர் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் திருவிவிலியம் என்னும் பெயரில் திண்டிவனம் நடுவத்தின் வாயிலாக வெளிவந்தது. ஞானஸ்நானம் திருமுழுக்காகவும், சுவிசேஷம் நற்செய்தியாகவும், இரட்சகர் மீட்பராகவும் அதில் அமைந்தன. எபேசியர் முதல் அதிகாரத்தின் 7ஆம், 13ஆம் வசனங்கள் இரண்டிலும் இப்போது 'மீட்பு' என்னும் சொல்லே நிற்கின்றது. பவர் காத்த வேறுபாடு மறைந்தது.

இம்மாற்றத்தின் பயன்கள் தெளிவானவை. சொல் தமிழ்ச்சொல்; கேட்போர் அன்றாட வாழ்வில் அறிந்தது. வினைமுதலைத் தன்னுள் கொண்டது. 1976இல் இயற்றப்பட்ட கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்திற்குப்பின், முன்பணக் கடனால் பிணிக்கப்பட்ட குடும்பங்களைச் செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் விடுவிப்பதைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் 'மீட்பு' என்றே எழுதுகின்றன. லேவியர் நூலின் கடனடிமை இத்தகைய ஒருவனே. இத்தொடர்பை 'இரட்சிப்பு' தந்திருக்க இயலாது.

இழப்புகளும் உள்ளன. 'சோட்டேரியா' என்பதில் அடங்கிய நலம், தொடர்ந்த காப்பு ஆகிய பொருள்கள் 'மீட்பு' என்பதில் அடங்கா. நோயுற்ற பெண்ணிடமும், பாவி எனப் பெயர்பெற்ற பெண்ணிடமும் இயேசு ஒரே கிரேக்க வினையைப் பயன்படுத்தி, அவர்தம் நம்பிக்கை செய்ததைக் கூறுகின்றார். மாற்கு 5:34, லூக்கா 7:50 ஆகிய அவ்விரு இடங்களிலும் பவர் மொழிபெயர்ப்பு 'இரட்சித்தது' என ஒரே வினையை வைத்தது. திருவிவிலியமோ முன்னதில் நோய் நீங்குதலைக் குறிக்கும் வினையையும், பின்னதில் 'மீட்டது' என்பதையும் ஆள்கின்றது. ஒவ்வோரிடத்திலும் பொருள் தெளிவாகின்றது. உடலின் நலமும் உள்ளத்தின் மீட்பும் ஒன்றே என்னும் மூலநூலின் குறிப்பு மறைகின்றது. பவர் 'மீட்கும்பொருள்' என்று பெயர்த்த 'லூட்ரோன்' என்னும் சொல்லுக்குத் திருவிவிலியம் 'ஈடு' என்பதை ஏற்றமை மற்றொரு வேறுபாடு. ஈடு என்பது ஒத்த மதிப்பையும் பிணைப்பொருளையும் குறிக்கும் நுண்ணிய சொல். அடகுப் புலத்தினின்று அது விலகவில்லை.

8. அண்டை மொழிகளின் ஒளியில்

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதா என்பதை அறியத் தென்னக மொழிகளை ஒப்புநோக்குதல் பயன்தரும். அதற்கும் பெங்களூருவே ஏற்ற களம். நகர இரயில் நிலையத்தை அடுத்த ஒக்கலிபுரமும் அதனை ஒட்டிய சீராமபுரமும் தமிழர் பல தலைமுறைகளாகச் செறிந்து வாழும் பகுதிகள். வீட்டில் தமிழும் பள்ளியிலும் தெருவிலும் கன்னடமும் வழங்கும் இத்தகைய சூழலில் வளரும் கிறித்தவர் ஒருவர் இரு மொழிகளின் சமயச் சொற்களையும் ஒருங்கே கேட்கின்றார்.

கன்னட விவிலிய வழக்கில் காப்பைக் குறிக்க 'ரட்சணெ', விடுவிப்பைக் குறிக்க 'விமோசனெ' என இரு சொற்கள் உள்ளன. தெலுங்கிலும் 'ரட்சண', 'விமோசன' என்னும் இணை வழங்குகின்றது. மலையாளத்தில் 'ரட்ச', 'வீண்டெடுப்பு' என்பன வழங்குகின்றன. பின்னது தமிழ் மீட்பிற்கு நேரான திராவிடச் சொல்லாக்கம் என்பது கருதத்தக்கது. எனவே மூன்று அண்டை மொழிகளின் விவிலிய மரபிலும் இருமை பேணப்படுகின்றது. தமிழின் பொது மொழிபெயர்ப்போ அவ்விருமையை ஒன்றாக்கியுள்ளது. 'ரட்சணெ' எனக் கன்னடத்தில் கேட்பவருக்குப் பவரின் 'இரட்சிப்பு' அயலாகத் தோன்றுவதில்லை. 'மீட்பு' என்பதற்கு நேரான சொல்லையோ அவர் கன்னடத்தில் வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது. கொத்தடிமை ஒழிப்பைக் கன்னடம் 'ஜீத விமுக்தி' என்கின்றது. தமிழ் உரிமையாளன் திரும்பப் பெறுதலை நோக்க, கன்னடம் கட்டு அவிழ்தலை நோக்குகின்றது. ஒரே கோட்பாடு ஒரே நகரின் இரு மொழிகளில் இரு உருவகங்களாக நிற்கின்றது.

9. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம்.

'மீட்பு' 1995இல் தோன்றிய சொல் அன்று. 1871இலேயே வரையறுத்த பொருளில் வழங்கியது. பின்னர் நிகழ்ந்தது அதன் பொருட்பரப்பின் விரிவே. அவ்விரிவு தமிழ்ப்பற்றால் மட்டும் நேர்ந்ததன்று. இறைவனே வினைமுதல் என்னும் கோட்பாட்டைப் பிறவினை வடிவத்தால் உணர்த்தும் ஆற்றல் அச்சொல்லுக்கு இயல்பாகவே இருந்தது.

எனினும், மூலத்தில் இரண்டாக உள்ள கலைச்சொற்களைப் பெறுமொழியில் ஒன்றாக்கும்போது, ஒரு சொல் பெறும் வலிமை மற்றொரு சொல்லின் பொருளை விழுங்கிவிடுகின்றது. காத்தலும் நலமாக்கலும் மீட்பின் கூறுகளாகத் தோன்ற வேண்டுமாயின், அப்பொருள்களுக்குரிய தமிழ்ச்சொற்களை இனிவரும் மொழிபெயர்ப்பாளர் தனியே தேடவேண்டும். கலைச்சொற் பட்டியல் அமைப்போர் சொல்லுக்குச் சொல் நேர்வைப்பதோடு அமையாது, ஒவ்வொரு சொல்லும் தன்வினையா பிறவினையா, அதன் உலகியற் புலம் யாது என்பவற்றையும் குறித்தல் நன்று.

தமிழ்க் கிறித்தவர் இன்று இரு விவிலியங்களையும் இரு சொற்களையும் கொண்டு வழிபடுகின்றனர். பொது மொழிபெயர்ப்பால் பொதுச்சொல் உருவாகும் என்னும் எதிர்பார்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. இதனைக் குறையாக மட்டும் கருதவேண்டுவதில்லை. காப்பவரும் மீட்பவரும் ஒருவரே என்னும் கோட்பாட்டைச் சொல்ல மூலநூலுக்கே இரு சொற்கள் தேவைப்பட்டன. அவ்விரண்டும் தமிழில் இரு சபைகளிடம் பிரிந்து கிடக்கின்றன. அவற்றை ஒரே மொழிபெயர்ப்பினுள் மீண்டும் சந்திக்கச் செய்யும் பணி எஞ்சியுள்ளது.